நிரலாளர் தேர்வில் நியாயம்

கேள்வி: எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்துக்கு நிரலாளர் ஒருவர் தேவை. வெள்ளைப் பலகையில் புதிர் போடச் சொல்கிறோம். பதற்றத்தில் நல்லவர்களும் திணறுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: புதிரை விட்டுவிடுங்கள். அந்த வேலையில் அன்றாடம் வருவதையே சோதியுங்கள். சுமார் 200 வரி கொண்ட சிறு நிரலில் இரண்டு பிழைகளை வைத்து, திருத்தவும் ஒரு வசதியைச் சேர்க்கவும் சொல்லுங்கள். முதலில் உங்கள் ஊழியர் ஒருவரைச் செய்ய வையுங்கள். அவருக்கு 40 நிமிடம் ஆனால், விண்ணப்பதாரருக்கு 80 நிமிடமாவது கொடுங்கள். விண்ணப்பதாரருக்கு அந்த நிரல் புதிது அல்லவா! வீட்டில் செய்யும் நீண்ட சோதனை குழந்தை வளர்ப்போரையும் இரவு வேலை பார்ப்போரையும் வடிகட்டிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் ஊதியம் கொடுங்கள். ஏஐ கருவிகளுக்கு அனுமதி உண்டா என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே ஒன்றுபோல் சொல்லுங்கள்.

மதிப்பெண் இடும் முறைதான் முக்கியம். 1 முதல் 4 வரை ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது என்று சோதனைக்கு முன்பே எழுதி வையுங்கள். தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பெண் இட்ட பிறகே கலந்து பேசவேண்டும். இல்லையென்றால் மேலாளர் வாய் திறந்ததும் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

வயது, திருமணம், குழந்தை பற்றிய கேள்விகள் வேண்டாம். விளம்பரத்தில் மாண்டரின் (சீன மொழி) கேட்டால், வேலைக்கு அது ஏன் தேவை என்பதையும் எழுதுங்கள். சிங்கப்பூரில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு நியாய வேலை நியமன வழிகாட்டி நெறிமுறைகள் எதிர்பார்ப்பதும் இதுவே.