ரத்த அழுத்த ஹார்மோன்களை வெட்டும் நொதிகள்

"பெப்டைடுகளைச் சிதைக்கும் நொதிகளுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹார்மோன் என்றதும் எந்தச் சுரப்பி எவ்வளவு சுரக்கிறது என்றுதான் யோசிக்கிறோம். ரத்த அழுத்தத்தை ஆளும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஹார்மோன்களுக்கு அது பாதிக் கதைதான். அவற்றை யார், எங்கே, எவ்வளவு வேகமாக வெட்டுகிறார்கள் என்பது மீதிப் பாதி. ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனின் அரை ஆயுள் (பாதி அளவு மறைய ஆகும் நேரம்), ஓடும் ரத்தத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதனால் வெட்டும் வேகம் சற்றே மாறினாலும் ஹார்மோனின் அளவு மாறிவிடும்.

அந்த ஹார்மோனே வெட்டினால்தான் பிறக்கிறது. கல்லீரல் ஒரு பெரிய புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் ரெனின் அதிலிருந்து 10 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை நறுக்கி எடுக்கிறது. இந்தத் துண்டுக்குப் பெரிதாக வேலை எதுவும் இல்லை. ரத்தக் குழாய்களின் உட்சுவரில், குறிப்பாக நுரையீரலில், நிறைந்திருக்கும் ஏசிஇ என்ற நொதி அதன் கடைசி இரண்டு அமிலங்களைக் கழற்றியதும் அது ஆஞ்சியோடென்சின் 2 ஆகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது, உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. ஏசிஇ2 என்ற இன்னொரு நொதி அதிலிருந்து மேலும் ஒரே ஒரு அமிலத்தைக் கழற்றினால் போதும், மிஞ்சுகிற 7 அமிலத் துண்டு நேர்மாறாகக் குழாய்களைத் தளர்த்துகிறது. (கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்வது இதே ஏசிஇ2-வைத்தான்.)

ஏசிஇ-க்கு இன்னொரு வேலையும் உண்டு. குழாய்களை விரிக்கும் பிராடிகைனினை அது அழிக்கிறது. ஆக, சுருக்குவதை உருவாக்குவதும் விரிப்பதை ஒழிப்பதும் ஒரே நொதி. இது தெரியவந்த வழி பாம்பு விஷம்! 1949-இல் பிரேசிலில் ரோச்சா இ சில்வா குழுவினர், ஜராராக்கா என்ற விரியனின் விஷத்தைக் கொண்டு பிராடிகைனினைக் கண்டறிந்தார்கள். 1965-இல் செர்ஜியோ ஃபெரைரா, அதே விஷத்தில் பிராடிகைனினின் செயலை வலுப்படுத்தும் பொருள் இருப்பதைக் காட்டினார். அந்த விஷப் பெப்டைடுகள் ஏசிஇ-யைத் தடுக்கின்றன என்பது பிறகு தெளிவானது. அந்த வழியில் கஷ்மன், ஒண்டெட்டி என்ற விஞ்ஞானிகள் உருவாக்கிய ரத்த அழுத்த மருந்தான காப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் எல்லாம் அதன் வழித்தோன்றல்கள்.

இந்த மாத்திரைகள் சிலருக்குத் தரும் வறட்டு இருமலும் இங்கிருந்துதான் வருகிறது. அழிய வேண்டிய பிராடிகைனினும் சப்ஸ்டன்ஸ் பி போன்ற பெப்டைடுகளும் தேங்கி, மூச்சுக்குழாய் நரம்புகளைத் தூண்டுவதே காரணம் என்று கருதப்படுகிறது. லோசார்டன், டெல்மிசார்டன் போன்றவை நொதியைத் தொடாமல் ஆஞ்சியோடென்சினின் ஏற்பியை (செல்லில் அது பற்றிக்கொள்ளும் இடத்தை) மட்டும் அடைப்பதால் அவற்றில் இந்த இருமல் மிகக் குறைவு. இருமல் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் அடுத்த வேளை மருந்தை எடுக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அடுத்தது நெப்ரிலைசின். இதயம் திணறும்போது அதுவே சுரக்கும் நேட்ரியூரெட்டிக் பெப்டைடுகள் உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும். அவற்றைச் சிதைப்பது நெப்ரிலைசின். அப்படியானால் அதைத் தடுத்தால் நல்லதுதானே? தனியாகத் தடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பலன் இல்லை. ஆஞ்சியோடென்சின் 2-ஐச் சிதைப்பதிலும் அதற்குப் பங்குண்டு, அதனால் ஒரு பக்கம் கிடைத்த லாபம் மறுபக்கம் கரைந்தது. பிறகு ஏசிஇ, நெப்ரிலைசின் இரண்டையும் தடுக்கும் ஒமாபாட்ரிலாட் வந்தது. அழுத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் பிராடிகைனினை அழிக்கும் இரண்டு வழிகளும் ஒருசேர அடைபட்டன. 25,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் திடீர் வீக்கம் 2.17% பேருக்கு வந்தது, எனலாப்ரில் எடுத்தவர்களில் அது 0.68% தான். மூச்சுவழியை அடைக்கக்கூடிய வீக்கம் என்பதால் அந்த மருந்து கைவிடப்பட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அந்தத் தோல்வியிலிருந்து கற்றதுதான் சகுபிட்ரில்–வல்சார்டன் கூட்டு. நெப்ரிலைசினைத் தடுக்கிறது, ஏசிஇ-யை விட்டுவிட்டு ஏற்பியை அடைக்கிறது. 2014-இல் வெளியான பெரிய ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் இதய நோய் மரணமோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ எனலாப்ரிலைவிட 20% குறைந்தது. ஏசிஇ தடுப்பானிலிருந்து இதற்கு மாறும்போது 36 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வது அந்த வீக்கத்துக்கு அஞ்சித்தான்.

இந்த மருந்தை எடுப்பவர்களின் ரத்தப் பரிசோதனையில் பிஎன்பி (நெப்ரிலைசின் சிதைக்கும் நேட்ரியூரெட்டிக் பெப்டைடுகளில் ஒன்று) அளவு கூடித் தெரியலாம், அதை வைத்து மட்டும் நோய் முற்றிவிட்டதென்று பயப்பட வேண்டாம். என்டி-புரோபிஎன்பி என்ற துண்டை நெப்ரிலைசின் வெட்டுவதில்லை, ஆகவே இவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பார்கள்.