நோய் பிடித்த உண்ணிச்செடி இலையை அரைத்து அடித்தால் புதர் சாகுமா?

கேள்வி: எங்கள் மேய்ச்சல் நிலத்தில் உண்ணிச்செடி மண்டிப்போய்க் கிடக்கிறது. வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. இந்த ஆண்டு ஓர் ஓரத்தில் உள்ள புதர்களில் மட்டும் இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து உதிர்கின்றன. அந்த இலைகளைப் பறித்து அரைத்து, தண்ணீரில் கலந்து மற்ற புதர்கள்மேல் அடித்தால் நோய் பரவிச் செத்துவிடுமா? பூஞ்சாணத்தை வைத்தே செய்த களைக்கொல்லி இருக்கிறதா? பக்கத்தில் பழமரங்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தொற்றுமா?

பதில்: அரைத்து அடிக்க வேண்டாம். உங்கள் யோசனை அசட்டு யோசனை என்று இதற்கு அர்த்தமில்லை. களைச்செடிக்கு நோயைக் கொடுத்து அடக்குவது ஐம்பது ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் வேலைதான். ஆனால் அதை வெற்றியாக்குவது எவ்வளவு அடித்தோம் என்பதல்ல, எந்தப் பூஞ்சாணம் எந்தச் செடி வகையோடு பொருந்துகிறது என்பதுதான். அரைத்த கரைசலில் அது உங்கள் கையில் இல்லை.

முதலில் அது நோய்தானா என்று பாருங்கள். ஓர் இலையைத் திருப்பி, புள்ளி இருக்கும் இடத்தை வெள்ளைத் துணியால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். சிறு கொப்புளங்கள் வெடித்தது போல இருந்து, பழுப்பு நிறப் பொடி துணியில் ஒட்டினால் துருநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். பொடி ஒன்றும் வராமல், காய்ந்த புள்ளியின் நடுவில் ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டுகள் (லென்ஸ் வைத்தால்தான் தெரியும்) இருந்தால் அது வேறு ஏதோ இலைப்புள்ளிப் பூஞ்சாணம். இலையின் மேற்புறம் வெளிறிப்போய், அடிப்புறத்தில் மை தெறித்தது போல எச்சத்துளிகள் இருந்தால் பூஞ்சாணமே இல்லை, டெலியோனீமியா என்ற சாறுறிஞ்சிப் பூச்சியின் வேலை. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே குடைந்த திட்டு இருந்தால் வண்டுப் புழு. இந்தப் பூச்சிகளையும் உண்ணிச்செடியை அடக்குவதற்காகப் பல நாடுகளில் விட்டிருக்கிறார்கள், ஆகவே உங்கள் புதரில் அவை இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சந்தேகம் தீரவில்லையென்றால் நோய்கண்ட இலைகளைக் காகிதத்தில் மடித்துத் தாவர நோயியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பாலிதீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும், அப்புறம் அங்கே அழுகல் பூஞ்சாணத்தைத்தான் பார்ப்பார்கள்.

சரி, துருநோய்தான் என்றே வைத்துக்கொள்வோம். துருப் பூஞ்சாணங்கள் உயிருள்ள செடியில் மட்டுமே வளர்பவை. ஈஸ்ட் மாதிரி வாளியில் ஊறவைத்துப் பெருக்க முடியாது. இலையை அரைத்ததும் அது வாழ்ந்த இடம் போயிற்று. மிஞ்சுவது பூஞ்சாணத்தின் உதிர்ந்த வித்துகள், அதாவது துணியில் ஒட்டிய அந்தப் பொடி, மட்டும்தான். அந்த வித்துகள் நெருக்கமாகச் சேர்ந்து கிடந்தால் ஒன்றின் முளைப்பை ஒன்று தடுக்கும். அதற்கான வேதிப்பொருள் அவற்றிலேயே இருக்கிறது. அதையும் தாண்டி முளைக்க வேண்டுமென்றால் இலைமேல் பல மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும், வெயிலும் உச்சத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் காலையில் அடிக்கும் கரைசல் பத்து மணிக்குள் காய்ந்துவிடும். ஒரு ராத்திரிப் பனி செய்யும் வேலையை உங்கள் தெளிப்பான் செய்யாது. போதாக்குறைக்கு அரைத்த கரைசலில் அழுகல் பாக்டீரியாவும், என்னவென்றே தெரியாத வேறு பூஞ்சாணங்களும் சேர்ந்து பெருகும். அதைப் பழமரத்துக்குப் பக்கத்தில் அடிப்பதைத்தான் நான் விரும்பவில்லை.

இன்னொன்று, துருநோய்க்கு உங்கள் உதவி தேவையில்லை. அதன் வித்துகள் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஓர் ஓரத்துப் புதருக்கு வந்த நோய் பத்தடி தள்ளி இருக்கும் புதருக்கு வரவில்லையென்றால், போய்ச் சேராததால் வராமல் இருக்கிறது என்று நினைப்பதைவிட, அந்தப் புதரின் வகை வேறு என்றோ, அங்கே நிழலும் ஈரமும் போதவில்லை என்றோ சந்தேகப்படுவதே சரி. பூவின் நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். உண்ணிச்செடி தோட்டத்துக்காகப் பல இனங்களைக் கலந்து உண்டாக்கிய கலப்புச்செடி. ரோஜாநிறப் பூ, ஆரஞ்சுப் பூ, சிவப்புப் பூ என்று வகைகள் பல, எல்லாம் ஒரே நோய்க்கு ஒரே மாதிரி பணிவதில்லை. பிரேசிலிலிருந்து புரோஸ்போடியம் டியூபர்குலேட்டம் என்ற துருவைக் கொண்டுபோய் 2001இல் ஆஸ்திரேலியாவில் விட்டார்கள். அது ரோஜாநிறப் பூ வகையைக் குறிவைத்துத் தேர்ந்தெடுத்த துரு, எல்லா வகைக்கும் பொருந்தாது.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியா அதற்கும் முன்பே ஒரு தடவை படித்திருக்கிறது. 1971இல் கோதுமை வயல்களைப் பிடித்திருந்த காண்ட்ரில்லா என்ற களைக்கு (அது புதர்கூட இல்லை) மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து ஒரு துருவை வரவழைத்தார்கள். வெளிநாட்டுச் செடிநோய் ஒன்றைத் திட்டமிட்டு இறக்கிய முதல் முயற்சி அது. குறுகலான இலை உள்ள வகை மளமளவென்று அடங்கியது. அது விட்ட இடத்தில் அகல இலை வகைகள் பரவின.

புதர்களில் எனக்குப் பிடித்த உதாரணம் தென்னாப்பிரிக்காவின் அக்கேசியா சாலிக்னா. ஆஸ்திரேலியாவிலிருந்து போய்க் கடற்கரை மணலையெல்லாம் பிடித்துக்கொண்ட மரப்புதர். அதற்கு 1987இல் ஆஸ்திரேலியாவிலிருந்தே ஒரு துருவைக் கொண்டுவந்து விட்டார்கள். அது கிளைகளில் கட்டிகட்டியாகக் கழலை உண்டாக்கும். கழலை பெருகப் பெருகச் செடியின் சத்து அங்கேயே போகும், பூவும் காயும் குறையும், வறட்சி வந்தால் பலவீனமான மரம் சாயும். மரங்களின் நெருக்கம் பல இடங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆனால் இதற்குப் பல வருடங்கள் ஆயின, மண்ணுக்குள் கிடக்கும் விதைக்குவியலோ அப்படியே இருக்கிறது. குளிர்ந்த ஈரமான மலைப்பகுதிகளில் கதை வேகமாக நடக்கும். ஜமைக்காவில் கண்டெடுத்த வெண்கரிப்பூட்டை (இதுவும் இலையைத் தாக்கும் பூஞ்சாணம்தான்) ஒன்றை 1975இல் ஹவாயில் அஜெராட்டினா ரிப்பேரியா என்ற குறும்புதர்மேல் விட்டபோது ஈரப் பகுதிகளில் அந்தப் புதர் சில மாதங்களிலேயே அடங்கியது, வறண்ட பகுதிகளில் இழுத்தடித்தது. பூஞ்சாணமும் ஒன்று, செடியும் ஒன்று, முக்கியமாக மாறியது ஈரம்தான்.

இவையெல்லாம் பூர்வீக நாட்டிலிருந்து எதிரியைக் கொண்டுவந்து ஒருமுறை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் முறை. இதில் தனியாள் செய்ய ஒன்றுமில்லை. விடுவதற்கு முன் அந்தச் செடியின் நெருங்கிய உறவுச்செடிகளில் தொடங்கித் தூரத்து உறவுகள்வரை வரிசையாகத் தொற்றவைத்துப் பார்த்து, அரசு அனுமதி வாங்கித்தான் விடுவார்கள். காரணம் எளிது, விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது. 1984இல் ஆஸ்திரேலியாவில் பிளாக்பெர்ரிப் புதருக்கான துரு ஒன்றை யாரோ அனுமதியில்லாமல் கொண்டுவந்து விட்டார்கள். முறைப்படி சோதித்த வேறொரு ரகத்தை 1991இல்தான் விட முடிந்தது. உங்கள் நோய்கண்ட கிளைகளை வேறு மாவட்டத்து நண்பருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

விலைக்குக் கிடைக்குமா என்றால், உண்டு, ஆனால் மிகக் குறைவு, அதுவும் நாட்டுக்கு நாடு மாறும். இதில் பூஞ்சாணத்தை ஆலையில் பெருக்கிக் களைக்கொல்லி போலவே பயன்படுத்துவார்கள். புதர்களுக்கு வேலை செய்தவை பெரும்பாலும் இலையில் தெளிப்பவை இல்லை, வெட்டுவாயில் வைப்பவை. காண்ட்ரோஸ்டீரியம் பர்பூரியம் என்ற மரம்தின்னிப் பூஞ்சாணத்தைப் பசையாக்கி, வெட்டின அடிக்கட்டையில் உடனே தடவி, மறுதுளிர்ப்பைத் தடுக்க நெதர்லாந்திலும் கனடாவிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கறுப்பு வாட்டில் மரக்கட்டைக்கு இதேபோல இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் பார்க்கின்சோனியா என்ற முள்மரத்தின் தண்டில் துளை போட்டு, பூஞ்சாணம் நிரப்பிய காப்சூலைச் செருகி மூடிவிடுகிறார்கள். பூஞ்சாணம் வெயிலில் காயாது, பனிக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதால் எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை அதிகம். இலையில் அடிக்கும் சரக்குகள் பல வந்து, சந்தை சிறியது என்பதால் காணாமல் போயின. உண்ணிச்செடிக்கு என்று சொல்லி யாராவது புட்டியில் விற்றால், எந்தப் பூஞ்சாணம், எந்தச் செடிக்குப் பதிவு செய்யப்பட்டது என்று லேபிளில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பழமரக் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. உண்ணிச்செடித் துரு மாதிரியானவை குறுகிய உணவுப்பழக்கம் உள்ளவை. பழமரத்துக்குத் தாவும் என்று பயப்பட வேண்டாம். வெட்டுவாய்ப் பூஞ்சாணங்கள் அப்படி இல்லை, அகலமாகத் தின்பவை. காண்ட்ரோஸ்டீரியம் பர்பூரியமே பிளம், செர்ரி மரங்களுக்கு வெள்ளியிலை நோயைக் கொடுக்கும் பூஞ்சாணம். வெட்டுக்காயம் வழியாகத்தான் நுழையும் என்பதால், அதைப் பயன்படுத்தும் இடத்தில் பழமரங்களிலிருந்து தூரம் விடவும், கவாத்துச் சமயத்தைத் தவிர்க்கவும் சொல்கிறார்கள். பார்க்கின்சோனியா காப்சூலில் உள்ள ஒரு பூஞ்சாணமும் பல பயிர்களில் வேரழுகல் உண்டாக்குவது. அது தண்டுக்குள்ளேயே அடைத்துவைக்கப்படுகிறது.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். நோய் வந்த ஓரத்தை இந்த ஒரு பருவத்துக்கு வெட்டாமல் விட்டுவைத்துப் பாருங்கள். அங்கே பூவும் காயும் குறைகிறதா என்பதுதான் முக்கியம், இலை உதிர்ந்ததை வைத்து முடிவுகட்டாதீர்கள், உண்ணிச்செடி வறட்சியிலும் இலை உதிர்க்கும். மீதி இடத்தில், காய் பிடிப்பதற்கு முன்பு, தரைக்கு மேலே வெட்டாமல், மண்ணை ஒதுக்கி, துளிர் கிளம்பும் வேர்க்கழுத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகப் புரட்டிப் போடுங்கள். தண்டு மண்ணில் பட்டால் வேர்விடும், அதற்காகத்தான் தலைகீழ். வெட்டிப் போட்ட இலைகளை மாடு மேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரலைக் கெடுக்கும் விஷம் அதில் உண்டு. அந்த இடத்தில் உடனே புல் விதையுங்கள், பறவை உட்காரும் மரங்களுக்கு அடியில் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். களைக்கொல்லி அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், துரு பிடித்து இலை கொட்டிய புதரில் இப்போது அடிக்காதீர்கள். மருந்து இலை வழியாகத்தான் வேருக்குப் போக வேண்டும், இலையே இல்லாத புதரில் அது வீண். மழை பெய்து புது இலை நன்றாக விரியும்வரை பொறுங்கள்.