சரக்கு இல்லாத ரிசெப்ஷன் களைகட்ட என்ன செய்வது?

கேள்வி: தை மாதம் திருச்சியில் எனக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலை அதே மண்டபத்தில் வரவேற்பு, 400 பேர் வருவார்கள். தாய்மாமா குடியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதனால் மண்டபத்திலும் நண்பர்கள் தங்கும் அறையிலும் சொட்டு மதுகூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். "அப்புறம் என்னடா ரிசெப்ஷன்?" என்கிறார்கள் நண்பர்கள். கலகலப்பாக நடத்த வழி உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. நல்ல முடிவு, அதில் உறுதியாக இருங்கள். நம் ஊர் வரவேற்புகளில் சலிப்பு வருவது வரிசையால்தான். 400 பேர் என்றால் சுமார் 100 குடும்பங்கள் மேடை ஏறும். பரிசு கொடுத்து, படம் எடுத்து இறங்கக் குடும்பத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 100 நிமிடம் நீங்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். வந்தவர்களுக்கோ வரிசை, பந்தி, தாம்பூலப் பை, அவ்வளவுதான். நடுவில் கிடைக்கும் வெற்று நேரத்தில்தான் நண்பர்கள் பார்க்கிங் பக்கம் நழுவுகிறார்கள்.

ஆகவே முதலில் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். 6.30க்கு மேடை ஏறினால் 8.15க்கு இறங்கிவிட வேண்டும். அழைப்பிதழிலேயே 'ஆட்டம் பாட்டம் 8.30' என்று அச்சிட்டுவிடுங்கள். இந்தத் திட்டத்தைப் பெரும்பாலும் குலைப்பது படம் எடுப்பவர்கள்தான். ஆளை மாற்றி மாற்றி நிற்கவைத்து ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிடம் எடுப்பார்கள். முன்பணம் கொடுக்கும்போதே 'இரண்டு கிளிக், அடுத்த குடும்பம்' என்று பேசிக்கொள்ளுங்கள். ஏற ஒரு படி, இறங்க ஒரு படி தனித்தனியாக இருக்கட்டும்.

ஆட ஆள் வராததற்குக் கூச்சம் மட்டும் காரணம் அல்ல. வீடியோவுக்காகக் கண்கூசும் விளக்கு, மேடை வரை வரிசையாக நாற்காலி, காலியாக ஒரு பெரிய தளம்: இந்த மூன்றும் சேர்ந்தால் யாரும் முதல் ஆளாக எழ மாட்டார்கள். 8.15க்கு முன்வரிசை நாற்காலிகளை எடுத்து 20க்கு 20 அடி இடம் மட்டும் விடுங்கள். 40 பேர் வந்தாலே நிறைந்து தெரியும். கூடத்து விளக்கைப் பாதி அணைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பறை, பிறகு சித்தி பெரியம்மா பிள்ளைகள் ஒத்திகை பார்த்த மூன்று நிமிட ஆட்டம். பாட்டின் கடைசி வரியில் அவர்கள் ஆளுக்கு இருவரைக் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். டிஜே அதன் பிறகே தொடங்கட்டும். ஸ்பீக்கர்கள் ஆடும் இடத்தைப் பார்த்து நிற்கட்டும். பந்தியைப் பார்த்து நின்றால் தாத்தா பாட்டிகள் ஒன்பதுக்கே கிளம்பிவிடுவார்கள். ஆடாதவர்களுக்கு நலங்கு இருக்கிறது. தேங்காய் உருட்டுவதும் தலைக்கு மேல் அப்பளம் நொறுக்குவதும் கால் மணி நேரம் இரு வீட்டாரையும் சிரிக்கவைக்கும். திறந்தவெளியில் இரவு 10க்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி பானம். வாசலில் ஒரு தட்டு ரோஸ்மில்க்கோடு முடித்துவிடாதீர்கள். பெரியவர்கள் தித்திப்பை ஒரு டம்ளருக்கு மேல் குடிக்க மாட்டார்கள். புளிப்பும் காரமும் சோடாவின் சுரீரென்ற உணர்வும் இருந்தால் மறுபடி வருவார்கள். ஆளுக்கு ஒன்றரை டம்ளர் என்று 600 டம்ளர் திட்டமிடுங்கள்: இஞ்சி-எலுமிச்சை சோடா 250, நன்னாரி 200, பானகம் 150. தை இரவு குளிருமே, ஒன்பதுக்கு மேல் சுக்குமல்லிக் காப்பி தனி.

இஞ்சி சோடா 100 டம்ளருக்கு இந்தக் கணக்கு. 2 கிலோ சர்க்கரையை இரண்டரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள். அரை கிலோ இஞ்சியை அரைத்துப் பிழிந்து அரை மணி நேரம் வைத்தால் அடியில் வெள்ளையாக மண்டி தங்கும். தெளிந்த சாறை மட்டும் பாகில் சேர்த்தால் சுமார் 4 லிட்டர் வரும். எலுமிச்சை 70, உப்பு 30 கிராம். டம்ளருக்குப் பாகு 40 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, ஐஸ், மேலே சோடா 120 மில்லி. ஆக 750 மில்லி சோடா பாட்டில் 16 வேண்டும், 18 வாங்குங்கள். எலுமிச்சையை மதியமே பிழிந்து வைத்தால் இரவுக்குள் கசக்கும், ஆறு மணிக்குப் பிழியுங்கள். சோடாவை அண்டாவில் கலந்தால் பத்தே நிமிடத்தில் சப்பென்றாகும், டம்ளரில்தான் ஊற்ற வேண்டும். டம்ளருக்குள் குடிநீரில் செய்த ஐஸ் 10 கிலோ. பாளம் ஐஸ் பாட்டிலைக் குளிரவைக்க மட்டும். இரண்டு பேர் நிற்கும் கவுண்டரில் நிமிடத்துக்கு நான்கு டம்ளர்தான் போகும் என்பதால் இரண்டு கவுண்டர் போடுங்கள், வாசலை விட்டுத் தள்ளி.

கேட்டரிங்காரர் 'மாக்டெயில்' (மது இல்லாத கலவைப் பானம்) பட்டியல் நீட்டினால் பிட்டர்ஸ் (மணத்துக்காகச் சில சொட்டு விடும் கசப்புச் சாறு) இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கஸ்டுரா பிட்டர்ஸில் 44.7% ஆல்கஹால். சில சொட்டுதானே என்பார்கள். வேண்டாம். ஆல்கஹால் இல்லாத பீரும், விஸ்கி கோப்பையில் ஊற்றித் தரும் பானமும் உங்கள் மண்டபத்துக்கு ஆகாது. குடியை விட்டவருக்கு அந்த வாசனையும் கோப்பையும் பழைய ஏக்கத்தைக் கிளப்பக்கூடும். சில்வர் டம்ளரும் கோலி சோடா பாட்டிலும் போதும்.

நண்பர்களிடம் நீங்களே ஒரு வாரம் முன்பு சொல்லுங்கள், மண்டபத்தில் வைத்து அல்ல. திருமண மண்டபத்தில் மது பரிமாற உரிமம் தரலாம் என்று 2023இல் வந்த தமிழக அரசு அறிவிப்பு, எதிர்ப்புக்குப் பிறகு மண்டபங்களை விலக்கி மாற்றப்பட்டது. பிடிபட்டால் உங்கள் டெபாசிட்டும் போகலாம். அதோடு வேலையும் கொடுங்கள்: பாட்டுப் பட்டியல் ஒருவருக்கு, நாற்காலி எடுப்பது இருவருக்கு, கவுண்டர் ஒருவருக்கு. 9.30க்குச் சுடச்சுடக் கொத்துப் பரோட்டா என்று சொல்லிவிட்டால் அவர்கள் மண்டபத்தை விட்டு நகர மாட்டார்கள்.

பானப் பட்டியலை முடிவு செய்யும் முன் மாமாவிடம் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கிற எதுவாக இருந்தாலும், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.