சிமெண்ட் கல்லில் சுண்ணாம்பு இறங்கும்வரை மீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்

கேள்வி: சீர்காழி பக்கம் இருக்கிறேன். மூன்றடி உப்புநீர்த் தொட்டியில் இரண்டு கிளவுன் மீன் வளர்க்கிறேன். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு ஆற்று மணல் கலந்து நானே கல் செய்து, பத்து நாள் போர் தண்ணீரில் ஊறவைத்துப் போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 8.9 காட்டுகிறது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. வினிகர் ஊற்றலாமா? வாழைத்தண்டு போட்டால் காரம் எடுக்கும் என்கிறார்களே? "இதையெல்லாம் தூக்கிப் போடுங்க, ஒரிஜினல் பவளக்கல்லே தர்றேன்" என்கிறார் ஒரு புரோக்கர். வாங்கலாமா?

பதில்: முதலில் கல்லை வெளியே எடுங்கள். மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். தினமும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை, அதே உப்பளவில் கலந்த புதுத் தண்ணீரால் மாற்றுங்கள். பிஎச்சை ஒரே நாளில் இறக்க முயலாதீர்கள். தொட்டிக்குள் வினிகர் வேண்டவே வேண்டாம். அதைத் தின்று பாக்டீரியா பெருகி, ஏற்கெனவே மூச்சு வாங்கும் மீனின் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்ளும்.

நடந்தது இதுதான். சிமெண்ட் இறுகும்போது சுண்ணாம்பை வெளிவிடும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. கடல்நீருக்கு 8.1 முதல் 8.4 வரை போதும். 8.3க்கும் 8.9க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் காரம் நான்கு மடங்கு ஏறிவிட்டது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா காரம் ஏற ஏற விஷமாகும். தண்ணீரைச் சுழற்றும் பம்பின் மூடியைக் கழற்றி விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு தடவியதுபோல வெள்ளையாக ஒட்டினால் அது உங்கள் கல்லிலிருந்து இறங்கிய சுண்ணாம்பின் வேலை.

பத்து நாள் ஊறவைத்தது போதாது. ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். புதுச் சிமெண்ட் தொட்டிக்கு நம் ஊரில் வாழைத்தண்டு வெட்டிப் போடுவது பழைய வழக்கம்தான். வழவழப்பான சுவருக்கு அது சரி. துளையுள்ள கல்லில் தண்டின் சதை உள்ளே போய் அடைந்து அழுகும். வெளியே வாளியில் வினிகரில் நனைத்தாலும் மேல்தோல் மட்டும்தான் சுத்தமாகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். கடையில் "ஆசிட் வாஷ் செய்தது" என்று ஊதா நிறம் பூசி விற்கும் கல்லிலும் இதே கோளாறு. வாங்கிய அன்று பிஎச் சரியாக இருக்கும், இரண்டாம் வாரம் ஏறும். அதற்குள் கடைக்காரர் உங்களை மறந்திருப்பார்.

புரோக்கர் விஷயத்தில் எனக்குப் பொறுமை இல்லை. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. "செத்த கல்தானே சார்" என்பார். செத்த கல்லை வைத்திருப்பதும் குற்றம்தான். கல் உங்கள் வீட்டில் இருந்தால் மாட்டுவது நீங்கள், அவர் அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டியெடுத்ததை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். கரையில் மீனவரின் கூடையை அதிகாரிகள் கிளறிப் பார்க்கிறார்கள். நகரத்துக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் ரசீது கேட்பதில்லை. வாங்குகிறவர் கேட்டால்தான் உண்டு. நீங்கள் கேளுங்கள்.

இனி உங்கள் கலவை. ஆற்று மணலும் சிமெண்டும் மட்டும் போட்டால் தளத்துக்குப் போடும் பூச்சுதான் கிடைக்கும், துளை வராது. மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேறத் துளை வேண்டும். ஒரு பங்கு சாதா சிமெண்ட், இரண்டு பங்கு நொறுக்கிய கிளிஞ்சல், இரண்டு பங்கு கல் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்க்காரர்களிடம் சுடாததாகக் கேட்டு வாங்கி, கழுவிக் காயவையுங்கள். உப்புக்கு வேதாரண்யம் இருக்கிறது, மிளகு முதல் கடலை வரை பருமனான பரல்தான் வேண்டும். பொடி உப்பு கரைந்து வீணாகிவிடும். சிமெண்டையும் கிளிஞ்சலையும் முதலில் பிசைந்து, உப்பைக் கடைசியில் சேருங்கள். தண்ணீர் கொஞ்சம்தான். கொழுக்கட்டை மாவுபோல, கையில் பிடித்தால் நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒழுகக் கூடாது. ஈர மணலில் குழி பறித்து அதில் அழுத்தாமல் போடுங்கள். அழுத்தினால் துளை மூடும். ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு நாள் கழித்து எடுங்கள். ஊறும்போது உப்புக் கரைந்து, அது இருந்த இடம் துளையாகும். கட்டுக்கம்பி, நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து இரண்டையும் சேர்க்காதீர்கள்.

ஊறவைக்க வாய்க்காலில் சாக்கில் கட்டித் தொங்கவிடும் யோசனை நம் பக்கத்தில் எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். நாற்றுக்கும் கதிருக்கும் அடித்த பூச்சிமருந்தெல்லாம் வடிவது அந்த வாய்க்காலில்தான். அது கல்லுக்குள் ஊறினால் பிறகு நீங்கள் விடும் இறாலும் நண்டும் பிழைக்காது. கடலோரப் போர் தண்ணீரும் எனக்குப் பிடிக்காது. கடினநீரில் சுண்ணாம்பு மேலேயே படிந்து துளையை அடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூரையிலிருந்து விழும் மழைநீர் இதற்கு அருமையானது. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள், நடுவில் ஓரிரு நாள் காயவிடுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மீதிச் சுண்ணாம்பு கெட்டிப்படும்.

கல் தயாரா என்று சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பலர் இதில் ஏமாந்து நல்ல கல்லையே எறிந்துவிடுகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஆர்.ஓ. தண்ணீரில் போட்டுச் சோதிக்காதீர்கள். அதில் பிஎச்சை மாறாமல் பிடித்துவைக்கும் தாங்குசக்தி இல்லை. துளி சுண்ணாம்புக்கே பிஎச் 9க்கு மேல் ஏறும். வெறும் கிளிஞ்சலைப் போட்டாலும் ஏறத்தான் செய்யும். மழைநீரும் அப்படியே. அதனால் ஊறவைக்கும் வாளியின் அளவைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். ஆறாவது வாரம், தொட்டியில் ஊற்றுவதுபோலவே உப்புக் கலந்த தண்ணீரை இரண்டு வாளியில் எடுங்கள். ஒன்றில் கல் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் இருக்கட்டும். மற்றதில் கல் வேண்டாம். இரண்டு நாள் அசைக்காமல் விடுங்கள். இறால் பண்ணைக்கு மருந்து விற்கும் கடையில் கிடைக்கும் பிஎச் கிட் போதும். இரண்டு வாளியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் கல் தயார். கல் உள்ள வாளி 0.2க்கு மேல் தள்ளி நின்றால் இன்னும் இரண்டு வாரம் ஊறட்டும்.

இப்போது வெளியே எடுத்த கற்களை உடைத்துக் கலவையில் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம், கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.