காரின் உட்பாகங்களுக்கு அடித்த பெயின்ற் உரிகிறது: கராஜ்காரரிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: நான் பரந்தனில் வசிக்கிறேன். என் பழைய காரின் டாஷ்போட், நான்கு கதவு பனல்கள், ஸ்டியரிங்கின் நடுமூடி ஆகியவை வெளிறிப் போனதால், ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்றில் கறுப்பு பெயின்ற் அடிக்கக் கொடுத்தேன். பேசிய தொகை 60,000 ரூபா. அதில் 40,000 கொடுத்துவிட்டேன். கார் கைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. வெயிலில் நின்றால் பெயின்ற் பிசுபிசுத்து உடுப்பில் ஒட்டுகிறது. கதவில் நகம் பட்டாலே உரிகிறது. பில் தரவில்லை. "பிளாஸ்டிக்குக்கு உத்தரவாதம் இல்லை" என்கிறார். மிகுதிப் பணம் தரும்வரை பின் கதவு பனல்கள் இரண்டையும் தர மறுக்கிறார். நானே போய் எடுத்து வரலாமா?

பதில்: தயவுசெய்து எடுத்து வராதீர்கள். வேலை செய்தவர் கூலி கிடைக்கும்வரை பொருளைத் தடுத்து வைத்திருக்கும் உரிமையை, இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் ஏற்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவு, திருத்தக் கொடுத்த கைக்கடிகாரத்தை உதாரணமாகக் காட்டி, கூலிக்குப் பிணையாகச் சட்டப்படி வைத்திருக்கும் பொருளை அதன் சொந்தக்காரரே அப்பிணையை இல்லாமலாக்கும் நோக்கத்துடன் எடுத்துச் சென்றாலும் அது களவாகும் என்கிறது. வேலை பிழையென்றால் அந்த மிகுதி 20,000 உண்மையில் சேரவேண்டிய கடனா என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அதைத் தீர்க்கும் இடம் கராஜ் வாசல் அல்ல. பனல்கள் அவசரமாகத் தேவையென்றால், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதி, அவருடைய கையொப்பத்தையும் பெற்றுப் பணத்தைக் கொடுத்து மீட்டுக்கொள்ளுங்கள். அப்படிக் கொடுப்பதால் உங்கள் கோரிக்கை அற்றுப்போகாது.

"உத்தரவாதம் இல்லை" என்ற அவருடைய பேச்சு உங்களைக் கட்டுப்படுத்தாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, தொழிலாகச் சேவை வழங்கும் எவரும் உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதைச் செய்வார் என்பதும், அதற்குப் பயன்படுத்தும் பொருட்கள் அந்த நோக்கத்துக்குத் தகுந்தவையாக இருக்கும் என்பதும், வாயால் சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கும் உத்தரவாதங்களாகும்.

ஆகவே உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறது: பெயின்ற் அடிக்கும் முன் அவர் அந்தப் பிளாஸ்டிக்கை எப்படித் தயார் செய்தார்? வருடக்கணக்காகப் பூசிய சிலிக்கோன் பொலிஷ் படிந்த பாகத்தை முதலில் சோப்பு நீரால் கழுவி, பின்னர் எண்ணெய்ப்பசை நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகுதான் சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் அந்தப் பசை கீறல்களுக்குள் இறங்கிவிடும். பாகத்தின் பின்புறத்தில் பி.பி. என்ற எழுத்து அச்சிடப்பட்டிருந்தால் அது பொலிபுரொப்பிலீன் ஆகும். அதன் மேல் சாதாரண பெயின்ற் தானாகப் பிடிக்காது. பிடிப்பை உண்டாக்கும் தனிப் பிறைமர் முதலில் அடிக்க வேண்டும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் அது வேறு வகைப் பிளாஸ்டிக்; அதில் பெயின்ற் எளிதாகப் பிடிக்கும், ஆனால் கடுமையான தின்னர் அந்தப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். நகம் பட்டாலே பெயின்ற் தோலாக உரிவது பெரும்பாலும் இந்தத் தயாரிப்பு வேலை தவறியதன் அடையாளம். பிசுபிசுப்பு, ஒரு பூச்சு காயுமுன் அடுத்ததைத் தடிப்பாக அடித்ததால் வந்திருக்கலாம். வன்னி வெயிலைக் கராஜ்காரர் காரணம் சொல்வாரானால், இந்த வெயிலில் ஓடப்போகும் கார் என்பதை அறிந்தே அவர் வேலையைப் பொறுப்பேற்றார் என்பது உங்கள் பதில்.

இதனால்தான், வேறொருவரிடம் கொடுத்து இப்போதே பெயின்றைச் சுரண்டி எடுக்காதீர்கள் என்கிறேன். உரிந்த இடங்களையும் பின்புற எழுத்தையும் படமெடுங்கள், உரிந்த துண்டுகளை ஓர் உறையில் இட்டு வையுங்கள், அனுபவமுள்ள வேறொரு பெயின்ற்காரரிடம் குறையையும் திருத்தச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். பில் இல்லாதது பெரிய தடையல்ல. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. தொலைபேசிச் செய்திகளும் பணம் அனுப்பிய வங்கிப் பதிவும் அதை நிரூபிக்கும்.

ஸ்டியரிங் நடுமூடிக்குள் காற்றுப்பை இருக்குமானால், அதுவே எனக்கு அதிகக் கவலை தருகிறது. விபத்தின்போது அந்த மூடி குறித்த கோட்டில் கிழிந்து திறக்கவேண்டும். அதன் மேல் அடித்த பெயின்ற் அதற்கு இடையூறாகலாம், துண்டுகளாக முகத்திலும் தெறிக்கலாம். அதைத் தகுதியானவரைக் கொண்டு மாற்றுவியுங்கள். தின்னரால் நீங்களே துடைக்க வேண்டாம். பழைய மூடியைச் சான்றாக வைத்துக்கொண்டு, மாற்றிய செலவையும் இழப்பீட்டில் சேருங்கள்.

காலம் குறைவாகவே இருக்கிறது. மேலே சொன்ன பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழான முறைப்பாட்டைச் சேவை வழங்கப்பட்டதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு பனல்கள் இன்னும் வராததால் சேவை முடியவில்லை என்று வாதிடலாம் என்றாலும், கார் கைக்கு வந்த நாளிலிருந்தே கணக்கிடுவது பாதுகாப்பானது. இந்த வாரமே கராஜ்காரருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பதினான்கு நாட்களுக்குள் திருத்தித் தரவோ பணத்தைத் திருப்பவோ கேளுங்கள். பதில் வராவிட்டால் அதிகாரசபையிடம் முறையிடுங்கள். 1977 என்ற இலக்கத்தில் வழி கேட்கலாம், ஆனால் அந்த அழைப்பு எழுத்து முறைப்பாட்டுக்கு ஈடாகாது. விசாரணையின் பின் இழப்பீடு வழங்கவோ பணத்தைத் திருப்பவோ கட்டளையிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு.

அந்தத் தவணை தவறினாலும் வழி அடைபடாது. எழுதப்படாத ஒப்பந்தத்தின் மீது வழக்கிட மூன்று ஆண்டுகள் உண்டு. ஆனால் இத்தகைய சிறு தொகைப் பிணக்கு முதலில் மத்தியஸ்த சபைக்கே போக வேண்டும். அங்கு இணக்கம் ஏற்படாவிட்டால் தரப்படும் சான்றிதழுடன்தான் நீதிமன்றத்துக்குச் செல்லலாம்.