தொடுகோடு எங்கே தொடுகிறது?

கேள்வி: ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்துக்கு (1, −3) வழியாகச் செல்லும் தொடுகோடு காண வேண்டும். வகைக்கெழு (ஒவ்வொரு புள்ளியிலும் வளைவரையின் சாய்வைத் தருவது) 2எக்ஸ். எக்ஸுக்கு 1 போட்டால் சாய்வு 2, கோடு ஒய் = 2எக்ஸ் − 5. ஆனால் விடைப் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருக்கின்றனவே?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது, புள்ளி வளைவரை மேல் இருக்கிறதா என்பதை. 1-இன் வர்க்கம் 1, −3 அல்ல. அப்படியானால் (1, −3) தொடும் புள்ளியே இல்லை. நீங்கள் கண்ட சாய்வு 2, (1, 1)-இல் தொடும் கோட்டுக்கு உரியது. உங்கள் கோட்டையும் பரவளையத்தையும் சமப்படுத்தினால் எக்ஸ்² − 2எக்ஸ் + 5 = 0. இதன் தன்மைகாட்டி (மெய்யான தீர்வு உண்டா என்று காட்டும் எண்) −16. அது குறை எண் என்பதால் தீர்வு இல்லை, அதாவது கோடு வளைவரையைத் தொடவே இல்லை.

தொடும் புள்ளியை (அ, அ²) என்று வையுங்கள். அங்கே சாய்வு 2அ, கோடு ஒய் = 2அ·எக்ஸ் − அ². இது (1, −3) வழியாகப் போக வேண்டும், ஆகவே −3 = 2அ − அ². தீர்த்தால் அ = 3 அல்லது −1. கோடுகள் ஒய் = 6எக்ஸ் − 9, ஒய் = −2எக்ஸ் − 1. இரண்டிலும் எக்ஸ் = 1 போட்டுப் பாருங்கள், −3 வரும்.

விடைத்தாள்களில் அடிக்கடி காணும் இன்னொரு பிழை: (3, 9)-இல் தொடுகோட்டுக்குச் சாய்வை எண்ணாக்காமல் ஒய் − 9 = 2எக்ஸ்(எக்ஸ் − 3) என்று எழுதிவிடுவது. அது நேர்க்கோடே அல்ல. எண்ணைப் பிரதியிட்ட பிறகுதான் கோட்டை எழுத வேண்டும்.

(3, 9)-இல் செங்கோடு (தொடும் புள்ளியில் தொடுகோட்டுக்குச் செங்குத்தான கோடு) கேட்டால் 6-ஐத் தலைகீழாக்கிக் குறியையும் மாற்றுங்கள்: −1/6. கோடு எக்ஸ் + 6ஒய் = 57. குறியை மட்டும் மாற்றி −6 என எழுதினால் கோடு செங்குத்தாக அமையாது.

கேள்வி: ஒய் = எக்ஸ்³ − 3எக்ஸ், எக்ஸ் = 1. சாய்வு 0. செங்கோட்டுக்கு 1-ஐ 0-ஆல் வகுப்பதா?

பதில்: வகுக்க முடியாது, தேவையும் இல்லை. புள்ளி (1, −2). தொடுகோடு கிடையாக ஒய் = −2, செங்கோடு நிமிர்ந்து எக்ஸ் = 1. இதே தொடுகோடு (−2, −2)-இல் வளைவரையை மறுபடி வெட்டும். வட்டத்தில் பழகியவர்களுக்கு இது தவறாகத் தோன்றும், ஆனால் தவறில்லை. சமப்படுத்தினால் (எக்ஸ் − 1)²(எக்ஸ் + 2) = 0. இருமுறை வரும் மூலம் 1 தொடுமிடம், ஒருமுறை வரும் −2 வெட்டுமிடம்.