புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்: பள்ளி இறுதித் தேர்வு கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளி இறுதியாண்டுத் தேர்வைப் பற்றித்தான். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், ஒவ்வொரு பாடத்தையும் மூன்று தடவையாவது படித்துவிடுகிறேன். முக்கியமான வரிகளுக்கெல்லாம் கலர் பேனாவால் கோடு போடுகிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, தேர்வில் உட்கார்ந்தால் பாதி வரமாட்டேன் என்கிறது. எனக்கு ஏதாவது மறதி நோய் இருக்குமோ?

நோயெல்லாம் இல்லைம்மா, பயப்படாதே. ஒரு பக்கத்தை மூன்று தடவை பார்த்தால் அது கண்ணுக்குப் பழகிவிடும், பழகிப்போனதைத் தெரிந்துபோனதாக மனசு எடுத்துக்கொள்ளும். தேர்வில் அந்தப் பக்கம் எதிரில் இருக்காது, நீயேதான் உள்ளேயிருந்து எடுத்து எழுத வேண்டும், அந்த வேலையை நீ வீட்டில் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்த பிறகு, அதையே மறுபடி படித்தார்கள், இன்னொரு பகுதியைப் படித்த பிறகு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்ததுதான் கொஞ்சம் அதிகமாக நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறிவிட்டது: பார்க்காமல் எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நின்றது, திரும்பப் படித்ததில் 42 சதவீதம்தான். உனக்குத் தேர்வு ஐந்து நிமிடத்திலா வரப்போகிறது?

அதனால் இன்று மாலையே ஒன்று செய். இதயம் பற்றிய பாடத்தை ஒரு தடவை நிதானமாகப் படி, புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடு. நான்கு அறைகளையும் வரை. உடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் எங்கே போகும்? வலது ஆரிக்கிள், அங்கிருந்து மூவிதழ் வால்வு வழியாக வலது வென்ட்ரிக்கிள், அப்புறம்... இங்கே பேனா நிற்கும். நுரையீரலுக்குக் கொண்டுபோவது தமனியா சிரையா என்று குழப்பம் வரும். உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதே, ஒரு நிமிடமாவது யோசி, தப்பானாலும் ஒன்றை எழுது, அப்புறம் பார். நுரையீரல் தமனி என்று தெரிந்ததும், மற்ற தமனிகளெல்லாம் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தத்தைக் கொண்டுபோகும்போது இது மட்டும் ஏன் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தத்தைக் கொண்டுபோகிறது என்ற கேள்வியும் கூடவே வரும். அப்படித் திணறித் தெரிந்துகொண்டது லேசில் மறக்காது. விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதி வை, நாளைக்கு நீ படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளைத்தான், முழுப் பாடத்தை அல்ல.

கோடு போடுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். கற்கும் முறைகள் பத்தை அலசிய ஓர் ஆய்வுக் கட்டுரை 2013இல் வந்தது. திரும்பத் திரும்பப் படிப்பது, கோடு போடுவது இரண்டும் அதில் கடைசி வரிசையில் இருக்கின்றன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசையில். கலர் பேனாவைத் தூக்கிப் போட வேண்டாம், கோடு போட்டதோடு படித்து முடித்ததாக நினைக்காமல் இருந்தால் போதும்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. டைம்டேபிள் போடுகிறேன், மூன்றாம் நாளே தவறிவிடுகிறது. தவறியதும் எல்லாம் போச்சு என்று விட்டுவிடுகிறேன். என்ன செய்யலாம்?

தம்பி, நீ அனுப்பியிருந்த டைம்டேபிளைப் பார்த்தேன். காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை மூச்சுவிட இடமில்லை, அதை யாராலும் கடைப்பிடிக்க முடியாது. வாரத்தில் அரை நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடு, தவறிய வேலையெல்லாம் அங்கே வந்து சேரட்டும். அப்புறம், "6 முதல் 8 வரை வேதியியல்" என்று நேரத்தை மட்டும் எழுதாதே. அந்த இரண்டு மணி நேரத்தில் எந்தப் பாடம், எத்தனை கேள்வி என்று எழுது, அப்போதுதான் முடிந்ததா இல்லையா என்று உனக்கே தெரியும்.

அதைவிட முக்கியமானது இடைவெளி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாகவே வெளியிட்டார். அவர் கணக்குப்படி ஒரு நாளிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாகப் போகாது, ஆனாலும் முதல் சில நாட்களில்தான் அதிகம் மறக்கும் என்பது நமக்கும் பொருந்தும். அதனால் ஒரு பாடத்தை ஒரே நாளில் நான்கு மணி நேரம் அடித்துப் படித்துவிட்டு இரண்டு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருப்பதைவிட, இன்று ஒரு மணி நேரம், நாளைக்குக் கால் மணி, நான்கு நாள் கழித்துக் கால் மணி, அப்புறம் இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை என்று பிரித்துக்கொள். அந்தக் கால் மணியிலும் புத்தகம் மூடியே இருக்க வேண்டும், முதலில் எழுதிப் பார், பிறகு திற. பிடிக்காத பாடத்தை நாள் முடியும் நேரத்துக்குத் தள்ளாமல், தெளிவாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்.

கணக்கில் ஒவ்வொரு பயிற்சியாகப் போடும்போது எல்லாம் சரியாக வருகிறது. முழு வினாத்தாள் கொடுத்தால் எந்தக் கணக்கை எந்த முறையில் போடுவது என்றே புரியவில்லை.

காரணத்தை உன் கேள்வியிலேயே சொல்லிவிட்டாய். பயிற்சியின் தலைப்பிலேயே முறை எழுதியிருக்கிறது, அதனால் எந்த முறை என்று யோசிக்கும் வேலை உனக்கு வரவே இல்லை. தொகையிடலையே எடுத்துக்கொள். எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு எக்ஸ் என்று கொடுத்தால் பகுதித் தொகையிடல். அதே கணக்கில் அடுக்கு மட்டும் எக்ஸ் ஸ்கொயர் என்று மாறினால் பிரதியிடல், இரண்டே வரியில் முடிந்துவிடும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தனித்தனிப் பயிற்சியில் போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது, கலந்து போடுகிறவருக்குத்தான் படும்.

கனஅளவுக் கணக்குகளை வைத்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, கலந்து போட்டவர்கள் 63. ஆகவே கலந்து போடும்போது தப்பு அதிகமாக வந்தால் மனம் தளராதே, அந்தச் சிரமம்தான் பின்னால் கைகொடுக்கும். நான்கு பாடங்களிலிருந்து கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடு. முழுதாகப் போட நேரமில்லாத நாளில், எந்த முறை, ஏன் என்று மட்டும் பக்கத்தில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ.

கடைசி ஒன்றரை மாதம் முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுது. மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்றால், சரிபார்க்கக் கால் மணி ஒதுக்கியது போக, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எட்டு நிமிடம் கிடைக்கும். எட்டு நிமிடம் எவ்வளவு என்று கைக்குப் பழக வேண்டும்.

என் மகன் இரவு இரண்டு மணி வரை படிக்கிறான், ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறான். தூங்கச் சொன்னால் கோபப்படுகிறான். படிக்கிற பிள்ளையைத் தடுக்கவும் மனசு வரவில்லை.

தடுங்கள் அம்மா. பகலில் படித்தது தூக்கத்தில்தான் நினைவில் பதிகிறது, தூக்கத்தை வெட்டினால் அவன் கஷ்டப்பட்டுப் படித்ததையே சேர்த்து வெட்டுகிறீர்கள். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் சொன்னது. எட்டு முடியாவிட்டாலும் மூன்று மணி நேரம் எந்தக் கணக்கிலும் போதாது. மாலைக்குப் பிறகு காபி வேண்டாம், போன் வேறு அறையில் தூங்கட்டும், உங்கள் போனும்தான். தூங்கு என்று அதட்டுவதைவிட, இரண்டு மணிக்குப் படித்ததை மறுநாள் மாலை பார்க்காமல் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், எவ்வளவு நின்றிருக்கிறது என்று அவனே தெரிந்துகொள்வான்.

இன்னொன்று. பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் ஒதுங்கினாலோ, வாழவே பிடிக்கவில்லை என்பது போல ஒரு வார்த்தை சொன்னாலோ, தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் கூட இருந்து, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தேர்வை மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

நண்பர்களோடு சேர்ந்து படிக்கலாமா?

ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கவும், புரியாததை விளக்கிச் சொல்லவும் கூடுங்கள். அமைதியாகப் படிக்கத்தான் என்றால் தனியாகவே படிக்கலாம்.

வினாத்தாளைக் கையில் வாங்கியதும் கை நடுங்கி எல்லாம் மறந்துவிடுகிறது டீச்சர். நன்றாகப் படித்த பாடத்துக்கும் இப்படித்தான்.

படபடப்பு வந்தாலே தோற்றுவிடுவேன் என்று நினைக்காதே, நன்றாக எழுதுகிறவர்களுக்கும் அது வரும். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிவிட்டுப் போன மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்ததாக 2011இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. செலவில்லாத வழி, செய்து பார். என்ன பயம், யாருக்காகப் பயம், எல்லாவற்றையும் எழுது, அப்புறம் கிழித்துப் போட்டுவிடு. உள்ளே போனதும் வினாத்தாளை முழுவதும் ஒரு தடவை படித்து, நிச்சயமாகத் தெரிந்த கேள்வியில் ஆரம்பி. ஒன்றில் மாட்டிக்கொண்டால் இடம் விட்டு நகர்ந்துவிடு, வேறு பதில் எழுதும்போது அது தானாக வந்துவிடுவதும் உண்டு. வெளியே வந்ததும் விடைகளைச் சரிபார்க்கும் கூட்டத்தில் நிற்காமல் வீட்டுக்குப் போ. ஒரு மணி நேரம் படுத்துவிட்டு அடுத்த பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.